காட்சித் தொழில்நுட்பம்: சீனன்குடா இளைஞர்களுக்கு எத்தகைய பயிற்சி தேவை?

சீனன்குடா என்றதும் எம்மவர் நினைவுக்கு வருவன எண்ணெய்க் குதங்களும் விமானத் தளமும் மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையுமே ஆகும். பிரித்தானியர் தமது கடற்படையின் தேவைக்கென அமைத்த குதங்களில் எஞ்சியுள்ள 99 குதங்களை யார் பயன்படுத்துவது என்பது கொழும்பிலும் புதுடில்லியிலும் பல ஆண்டுகளாகப் பேசப்பட்டு, 2022 ஜனவரியில் ஓர் உடன்படிக்கையில் வந்து நின்றது. ஆனால், அக்குதங்களின் வேலிக்கு வெளியே வாழும் பிள்ளைகள் எந்தத் தொழிலைக் கற்பது என்ற கேள்வி அத்தனை அக்கறையுடன் பேசப்பட்டதில்லை.

வெள்ளைமணல், நாச்சிக்குடா, கப்பல்துறை, கிண்ணியா, ஆலங்கேணி, தம்பலகாமம் என இக்குடாவைச் சூழ்ந்த ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் அயலவர்களாக வாழ்கின்றனர். க.பொ.த. சாதாரண தரத்துடனோ உயர்தரத்துடனோ படிப்பை நிறுத்திக்கொள்ளும் இளைஞருக்கு முன்னால் உள்ள வழிகள் இரு சமூகத்தவருக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆலைகளில் நாட்கூலி, கடற்றொழில், வயல் வேலை, கடைச் சிப்பந்தி வேலை, இல்லையேல் மத்திய கிழக்குக்கான விமானப் பயணம். இவற்றுள் எதுவும் இழிவான தொழில் அன்று. எனினும் வேறு தெரிவு இல்லாத காரணத்தால் ஒரு தொழிலை ஏற்பதும், கற்றுத் தேர்ந்து ஒரு தொழிலைத் தெரிவு செய்வதும் ஒன்றாகிவிட மாட்டா.

இந்நிலையில் புதிய அழைப்பொன்று அண்மைக் காலமாக எமது இளைஞரின் கைத்தொலைபேசித் திரைகளை வந்தடைகின்றது. அனிமேஷன், விஷுவல் எஃபெக்ட்ஸ், விளையாட்டு வடிவமைப்பு என்ற பெயர்களில் குறுகிய காலப் பயிற்சிகள் விளம்பரப்படுத்தப்படுகின்றன. ஹொலிவூட் படங்களின் காட்சிகள் அவ்விளம்பரங்களில் மின்னுகின்றன. மகனின் ஆர்வத்தைக் கண்டு தாயின் நகை அடகுக் கடைக்குச் செல்கின்றது. பயிற்சி முடிந்த பின்னர் கையில் எஞ்சுவது எந்தத் தொழில்தருநரும் பொருட்படுத்தாத ஒரு காகிதமாயின், அந்தக் குடும்பத்தின் இழப்பை ஈடுசெய்வோர் எவருமிலர். எனவே இத்துறை என்ன, அதற்கான பயிற்சி எங்கு எவ்வாறு அமைய வேண்டும் என்பனவற்றைச் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

முதலில் இத்தொழிலின் தன்மையை விளங்கிக்கொள்வோம். திரைப்படம் என்பது ஒரு வினாடிக்கு 24 தனிப்படங்கள் ஓடும் ஒரு நீண்ட வரிசை. கெமராவால் நேரடியாகப் பிடிக்க முடியாததை, அல்லது பிடிப்பது ஆபத்தாகவோ பெருஞ்செலவாகவோ அமைவதை, பின்னர் அத்தனிப்படங்களுள் சேர்ப்பதே காட்சி விளைவு எனப்படும் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆகும். பச்சை நிறத் திரைக்கு முன் நின்று நடித்தவரைப் பிரித்தெடுத்து வேறொரு பின்னணியில் வைப்பது அதில் ஒரு பகுதி. இல்லாத கட்டடத்தைக் கணினியில் எழுப்புவது இன்னொரு பகுதி. மின்கம்பத்தையோ பாதுகாப்புக் கயிற்றையோ காட்சியிலிருந்து அழிப்பதும் இதற்குள் அடங்கும்.

இவ்வேலை ஒருவரால் செய்யப்படுவதன்று. உருவங்களின் விளிம்பைத் தனிப்படம் தனிப்படமாக வரைந்து பிரிப்பவர் ஒருவர். கெமரா எவ்வாறு அசைந்தது என்பதைக் கணித்துக் கணினிக்குள் அதே அசைவை உண்டாக்குபவர் மற்றொருவர். உருவமைப்பவர், அதற்கு மேற்பரப்பும் நிறமும் தருபவர், அசைவூட்டுபவர், ஒளியமைப்பவர் என வரிசை நீளும். இறுதியில் எல்லாவற்றையும் ஒன்று சேர்த்து, சேர்த்த சுவடு தெரியாமல் செய்பவர் வருவார். ஐந்து வினாடிக் காட்சியொன்றில் 120 தனிப்படங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றில் விளிம்பு பிசகினாலும் பார்ப்பவரின் கண் அதை உணர்ந்துவிடும். பொறுமையும் கண்ணின் கூர்மையும் இத்தொழிலின் முதலீடு என்று சொல்வது மிகையாகாது.

கணினி வருவதற்கு முன்னரே இக்கலை இருந்தது. மேடை வித்தைக்காரராக இருந்த ஜோர்ஜ் மெலியே என்ற பிரெஞ்சுக்காரர் 1902 இல் சந்திரப் பயணத்தைத் திரையில் காட்டினார். 1957 இல் தமிழிலும் தெலுங்கிலும் வெளிவந்த ‘மாயாபஜார்’ படத்தில், கடோத்கஜன் கல்யாண விருந்தைத் தனியொருவனாக உண்டு முடிக்கும் காட்சியை எமது பெற்றோரும் பாட்டன்மாரும் வியந்து பார்த்தனர். ஒளிப்பதிவாளர் மார்க்கஸ் பார்ட்லி அப்படத்தின் மாயங்களைக் கெமராவையும் ஒளியையும் கொண்டே உண்டாக்கினார். கருவி மாறியிருக்கின்றது. ஒளி எங்கிருந்து வருகின்றது, நிழல் எங்கு விழ வேண்டும் என்ற அறிவு மாறவில்லை.

எமது நாட்டுக்கும் இத்துறைக்கும் இடையிலான உறவை இரு படங்கள் தெளிவாகக் காட்டுகின்றன. 1957 இல் வெளிவந்த ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் க்வாய்’ படத்துக்காகக் கித்துல்கலையில் உண்மையிலேயே ஒரு மரப்பாலம் கட்டப்பட்டு, உண்மையிலேயே தகர்க்கப்பட்டது. கால்நூற்றாண்டுக்குப் பின்னர், 1983 இல், ஸ்டீவன் ஸ்பீல்பேர்க் ‘இந்தியானா ஜோன்ஸ் அண்ட் த டெம்பிள் ஒப் டூம்’ படத்தின் தொங்குபாலக் காட்சியைக் கண்டிக்கு அண்மையில் படமாக்கினார். விக்டோரியா அணைக்கட்டு வேலையில் ஈடுபட்டிருந்த பொறியியலாளர்கள் அப்பாலத்தை அமைக்க உதவினர். ஆனால் அதே படத்தில் சுரங்கத்துக்குள் ஓடும் வண்டித் துரத்தல் போன்ற மாயக் காட்சிகள் சிற்றுருவங்களைக் கொண்டு கலிபோர்னியாவிலேயே உருவாக்கப்பட்டன. 1985 இல் காட்சி விளைவுக்கான ஒஸ்கார் விருது அவ்வேலைக்கே கிடைத்தது. ஆறும் பள்ளத்தாக்கும் எம்முடையவை. தொழில்நுட்பமும் அதனால் வரும் நிலையான வருமானமும் வேறிடத்தில் தங்கின. அழகான இடம் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. நிலாவெளியும் மூதூரும் சீனன்குடாவும் எத்தனை படங்களில் இடம்பெற்றாலும், தொழிலறிந்த கைகள் இங்கு இல்லாதவரை எமக்குக் கிடைப்பது சில நாள் கூலியாகவே இருக்கும்.

தொழிலறிந்த கைகளை உருவாக்குவதற்கு ஏனைய நாடுகள் கைக்கொண்ட வழிகளில் சமுதாயக் கல்லூரி குறிப்பிடத்தக்கது. அமெரிக்காவில் 1901 இல் இலினோய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் இவ்வகைக் கல்லூரி தொடங்கியது. இன்று அங்கு சுமார் ஆயிரம் சமுதாயக் கல்லூரிகள் உள்ளன. இவற்றின் இலக்கணம் எளிது. கல்லூரி மாணவரின் வீட்டுக்கு அருகில் இருக்கும். கட்டணம் பல்கலைக்கழகத்தைவிடக் குறைவு. வேலை செய்துகொண்டே மாலையில் படிக்கலாம். பாடநெறி அவ்வூரின் தொழில்களை ஒட்டி அமையும். ஹொலிவூட்டுக்கு அருகிலுள்ள சாந்தா மொனிக்கா கல்லூரி 1990 களின் பிற்பகுதியில் பொழுதுபோக்குத் தொழில்நுட்பத்துக்கெனத் தனிப் பிரிவொன்றை நிறுவியமைக்குக் காரணம், அவ்வூரின் தொழில் அதுவாக இருந்தமையே.

தமிழர் வாழும் பகுதிகளுக்கும் இவ்வெண்ணம் புதியதன்று. 1990 களின் நடுப்பகுதியில் புதுச்சேரியிலும் சென்னையிலும் சமுதாயக் கல்லூரிகள் தொடங்கப்பட்டன. பள்ளியை இடையில் விட்டோர், ஏழைக் குடும்பத்துப் பெண்கள், சேரிப் பகுதி இளைஞர் ஆகியோரை மனத்திற்கொண்டு, ஆளுமைப் பயிற்சி, தொழிற்பயிற்சி, நிறுவனங்களில் நேரடிப் பயிற்சி ஆகியன ஒரே பாடநெறியில் இணைக்கப்பட்டன. பின்னர் 2013 இல் இந்தியப் பல்கலைக்கழக மானியக் குழுவும் சமுதாயக் கல்லூரிகளுக்கெனத் திட்டமொன்றை வகுத்தது. சென்னையைப் போன்ற திரைத்தொழில் நகரத்தில்கூட, பயிற்சியின் மதிப்பை முடிவு செய்தது பயிற்சிக்காலத்தில் மாணவர் தொழிற்கூடத்துக்குள் கால்வைத்தாரா என்பதே.

இலங்கையில் ‘சமுதாயக் கல்லூரி’ என்ற பெயர் பரவலாக வழங்காவிடினும், அதன் வேலையைச் செய்யக்கூடிய கட்டமைப்பு எம்மிடம் உண்டு. 1990 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. தொழிற்பயிற்சி அளிக்கும் நிறுவனங்கள் இவ்வாணைக்குழுவில் பதிவு செய்யப்படல் வேண்டும். தேசிய தொழிற்றகைமை எனப்படும் என்.வி.கியூ. முறைமையில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கு மட்டங்கள் சான்றிதழ்கள், ஐந்தாம் ஆறாம் மட்டங்கள் டிப்ளோமாக்கள், ஏழாம் மட்டம் பட்டத்துக்கு ஒப்பானது. தொழிற்பயிற்சி அதிகாரசபை, தொழில்நுட்பக் கல்லூரிகள் முதலிய அரச நிறுவனங்களின் பல பாடநெறிகள் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ நடைபெறுகின்றன. 2008 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தால் இரத்மலானையில் நிறுவப்பட்ட தொழிற்கல்விப் பல்கலைக்கழகத்தில் பல்லூடகம், திரைப்படம் மற்றும் தொலைக்காட்சித் தயாரிப்பு ஆகிய துறைகளில் பட்டப்படிப்பு வரை செல்ல வழியுண்டு. அதாவது, சாதாரண தரத்துடன் நின்ற பிள்ளையும் படிப்படியாகப் பட்டம் வரை ஏறக்கூடிய ஏணி இருக்கின்றது. அந்த ஏணியின் அடிப்படி சீனன்குடாவுக்கு எட்டும் தூரத்தில் வைக்கப்படவேண்டும் என்பதே எமது கோரிக்கை.

இம்முறைமையில் பலரும் அறியாத ஒரு வாய்ப்பும் உண்டு. ஏற்கெனவே தொழில் செய்து அனுபவம் பெற்றவர், மீண்டும் வகுப்பில் அமராமலேயே, தமது திறமையை மதிப்பீட்டுக்கு உட்படுத்தித் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழைப் பெறலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் இந்நடைமுறை எமது ஊர்களில் திருமண வீடியோ எடுப்போர், ஸ்டூடியோக்களில் படத்தொகுப்புச் செய்வோர், ஒலிபெருக்கிச் சேவை நடத்துவோர், மின்னலங்காரம் செய்வோர் ஆகியோருக்குப் பெரிதும் பயன்படக் கூடியது. பத்தாண்டு அனுபவம் இருந்தும் வெளிநாட்டு வேலைக்கு விண்ணப்பிக்கையில் ‘சான்றிதழ் இல்லை’ என்ற ஒரே காரணத்தால் உதவியாளர் சம்பளத்துக்கு இணங்குவோர் எம்மிடையே உள்ளனர்.

இங்கு ஒரு முக்கியமான வேறுபாட்டை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பொழுதுபோக்குத் தொழில்நுட்பம் என்பது கணினித் திரைக்கு முன் அமர்ந்து செய்யும் காட்சி விளைவு வேலையைக் காட்டிலும் மிக விரிந்தது. மேடை ஒளியமைப்பு, ஒலிப்பதிவு, ஒலிக்கலவை, எல்.ஈ.டி. திரைகளை நிறுவுதல், நேரடி ஒளிபரப்பு, படத்தொகுப்பு ஆகியன யாவும் அதில் அடங்கும். திருகோணமலையில் இவற்றுக்கான தேவை இன்றே இருக்கின்றது. உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல்களில் மே முதல் செப்டெம்பர் வரையான சுற்றுலாப் பருவத்தில் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. கோயில் திருவிழாக்கள், திருமணங்கள், பாடசாலை விழாக்கள், மீலாத் விழாக்கள், நிறுவனக் கூட்டங்கள் ஆகியவற்றுக்கு ஒலி, ஒளி, காணொளி மூன்றும் வேண்டும்.

இத்தொழில்களின் அடிப்படை மின்சாரம் ஆகும். எர்த் கம்பி இல்லாத இணைப்பும், ட்ரிப் சுவிட்ச் பொருத்தப்படாத ஜெனரேட்டரும், மழைநீரில் கிடக்கும் வயரும் உயிரைப் பறிக்கக்கூடியவை. பந்தலுக்கு மின்விளக்குக் கட்டும் இளைஞனுக்கு முறையான பயிற்சி கொடுப்பது அவனது வருமானத்தை மட்டுமன்றி அவனது உயிரையும் விழாவுக்கு வருவோரின் உயிரையும் காக்கும். மின்சாரம், வெல்டிங், இயந்திரத் திருத்தம் ஆகிய துறைகளில் ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த கைத்திறன் சீனன்குடாச் சூழலில் ஏற்கெனவே இருப்பதால், இப்பயிற்சி அங்கு அந்நியமான ஒன்றாக இராது. உலக அளவிலும் இவ்விரு தொழில்களும் இன்று நெருங்கி வருகின்றன. 2019 இல் வெளிவந்த ‘த மண்டலோரியன்’ தொடர் முதல், பச்சைத் திரைக்குப் பதிலாக மாபெரும் எல்.ஈ.டி. சுவர்களில் பின்னணியைக் காட்டிப் படமாக்கும் முறை பரவியுள்ளது. அச்சுவரை நிறுவி இயக்குபவர் மின்சாரமும் கணினி வலையமைப்பும் அறிந்த தொழில்நுட்பவியலாளரே.

இனி, விளம்பரங்கள் சொல்லாத பக்கத்தையும் பார்ப்போம். உலகக் காட்சி விளைவுத் தொழில் நிலையற்றது. கணினியில் உருவான புலியைக் கொண்டு உலகை வியக்கவைத்த ‘லைஃப் ஒப் பை’ படம் 2013 பெப்ரவரியில் காட்சி விளைவுக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. அப்புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் நிறுவனமோ, விருது விழாவுக்கு இரு வாரங்கள்கூட இல்லாத நிலையில் வங்குரோத்துப் பாதுகாப்பை நாடியிருந்தது. அரங்குக்கு வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் எதிர்ப்பில் ஈடுபட்டனர். 2023 இல் ஹொலிவூட் எழுத்தாளர்கள் 148 நாட்களும் நடிகர்கள் 118 நாட்களும் வேலைநிறுத்தம் செய்தபோது, அதன் தாக்கம் இந்தியாவின் ஒப்பந்த வேலைக் கூடங்கள் வரை எட்டியது. 2025 பெப்ரவரியில் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரு, மும்பை ஆகிய நகரங்களில் மட்டும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தனர். இவை திறமையற்றோருக்கு நேர்ந்தவை அல்ல. உலகின் தலைசிறந்த கலைஞர்களுக்கு நேர்ந்தவை.

செயற்கை நுண்ணறிவும் இத்துறையின் அடிமட்ட வேலைகளை மாற்றி வருகின்றது. உருவ விளிம்பைப் பிரித்தல், கயிறுகளை அழித்தல் போன்றவை புதியவர் நுழையும் வாசலாக இருந்தன. அவற்றின் பெரும்பகுதியை இன்று மென்பொருளே விரைவாகச் செய்துவிடுகின்றது. ஆகவே ஒரே ஒரு மென்பொருளின் பொத்தான்களை மூன்று மாதத்தில் கற்பிக்கும் பயிற்சி, மாணவர் வெளியே வரும் முன்னரே பழையதாகிவிடும் ஆபத்து உண்டு. ஓவியம், ஒளி, நிறம், கெமரா, கதைசொல்லல் ஆகிய அடிப்படைகளைக் கற்றவரோ எந்தக் கருவி வந்தாலும் அதைத் தமக்கு ஏவலாக்கிக்கொள்வார்.

தொழில்நுட்பத் தடைகளையும் மறைக்கக் கூடாது. திரைப்படத் தரத்திலான ஒரு தனிப்படம் 50 மெகாபைட் எனக் கொண்டால், ஒரு நிமிடக் காட்சி 72 ஜிகாபைட் ஆகின்றது. வினாடிக்கு 20 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அதை அனுப்ப எட்டு மணித்தியாலம் வேண்டும். மேலும், பெரிய பட நிறுவனங்கள் தமது காட்சிகள் கசியாதிருக்க, கைத்தொலைபேசிக்குக்கூட இடமளிக்காத பூட்டிய அறைகளையும் தனி வலையமைப்பையும் வலியுறுத்துகின்றன. எனவே ‘வீட்டிலிருந்தே ஹொலிவூட் படத்தில் வேலை’ என்ற வாக்குறுதியை எவரேனும் தருவாராயின் அதனை ஐயத்துடன் நோக்குவதே அறிவுடைமை.

அவ்வாறாயின் இத்துறையைக் கைவிட வேண்டுமா? அவ்வாறு கருதுவதற்கும் காரணமில்லை. மக்கள்தொகை 20 இலட்சத்தையும் எட்டாத லத்வியா என்ற சிறிய நாட்டிலிருந்து வந்த ‘ஃப்ளோ’ என்ற அனிமேஷன் படம், 2025 மார்ச் மாதத்தில் ஒஸ்கார் விருதை வென்றது. பெரு நிறுவனங்களின் படங்களோடு ஒப்பிடுகையில் அதன் செலவு மிகச் சிறியது. அப்படம் பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில் உருவானது. 2002 இல் உலகெங்குமுள்ள பயனாளர்கள் ஏழு வாரங்களில் ஓர் இலட்சம் யூரோ திரட்டியதால் பொதுவுடைமையாக்கப்பட்ட மென்பொருள் அது. நிறத்திருத்தத்துக்கும் படத்தொகுப்புக்கும் டாவின்சி ரிசோல்வ் இலவசப் பதிப்பாகக் கிடைக்கின்றது.

இது எமக்கு மிகவும் பொருத்தமான செய்தியாகும். 2022 இன் பொருளாதார நெருக்கடியின்போது டொலரின் பெறுமதி சில மாதங்களில் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. டொலரில் மாதச் சந்தா கேட்கும் மென்பொருள்களை நம்பி ஒரு கிராமியப் பயிற்சிக்கூடத்தை அமைப்பின், அடுத்த நெருக்கடியில் அது மூடப்படும். இலவச மென்பொருளை அடிப்படையாகக் கொண்டால், மாணவர் வகுப்பில் கற்றதை வீட்டிலுள்ள சாதாரணக் கணினியிலும் பழகலாம். களவாகப் பிரதி செய்த மென்பொருளைப் பயன்படுத்தும் அவப்பழக்கமும் ஏற்படாது.

மொழி பற்றியும் சொல்ல வேண்டியுள்ளது. விளக்கம் தமிழில் அமைந்தால்தான் ஒளியின் இயல்பும் நிறத்தின் அளவும் மாணவரின் மனத்தில் பதியும். அதேவேளை மென்பொருள்களின் கட்டளைகளும் வெளிநாட்டு வாடிக்கையாளரின் குறிப்புகளும் ஆங்கிலத்தில் வருகின்றன. கொழும்பின் படப்பிடிப்புக் குழுக்களில் சிங்களம் வழங்குகின்றது. ஆகவே தமிழில் கற்பித்து, தொழிலுக்கு வேண்டிய ஆங்கிலத்தையும் சிங்களத்தையும் அதே பாடநெறிக்குள் பழக்குவது அவசியமாகும். ஆங்கிலம் தெரியாது என்பதற்காக ஓவியத் திறனுள்ள ஒரு பிள்ளையை வாசலிலேயே திருப்பி அனுப்புவது பெருந்தவறு.

பெண்பிள்ளைகளுக்கு இத்துறை தரும் வாய்ப்பு தனியே குறிப்பிடத்தக்கது. கொழும்பில் தங்கிப் படிப்பதற்கு அனுமதிக்கத் தயங்கும் பெற்றோர், கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ பகலில் சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய கூடத்துக்கு அனுப்பத் தயங்கமாட்டார்கள். 2009 ஒக்டோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதன் பின்னர், படகுப் பாதைக்குக் காத்திருந்த காலம் போய் இப்பயணம் எளிதாகியுள்ளது. பேருந்து நேரத்தை ஒட்டி வகுப்பு நேரத்தை அமைப்பது போன்ற சிறிய ஏற்பாடுகளே பல பெண்களின் கல்வியைத் தீர்மானிக்கின்றன.

சினிமாவோடு தொடர்புடைய தொழில் என்பதால் சில குடும்பங்களில் தயக்கம் எழுவதும் இயல்பே. அத்தயக்கத்தை நாம் மதிக்கின்றோம். எனினும் இத்திறன் சினிமாவுக்கு மட்டும் உரியதன்று. உடற்கூற்றை விளக்கும் மருத்துவக் காணொளி, கட்டுமுன்னரே வீட்டைக் காட்டும் கட்டடக்கலைப் படம், ஆலைத் தொழிலாளருக்கான பாதுகாப்புப் பயிற்சிப் படம், சிறுவருக்கான தமிழ்ப் பாடக் காணொளி ஆகியவற்றையும் இதே கைகளே ஆக்குகின்றன. ஒளியின் இயல்பையும், இருளறையின் சிறு துளை வழியே உருவம் விழுவதையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே ஆராய்ந்து நூல் எழுதியவர் பஸ்ராவில் பிறந்த அறிஞர் இப்னு அல் ஹைதம். தோலில் வெட்டிய பாவையின் நிழலைத் திரையில் ஆடவிட்டுக் கதை சொன்ன மரபு தமிழருடையது. இரு சமூகத்தவரும் அந்நியமாகக் கருத வேண்டிய அறிவு இதுவன்று.

பிள்ளைகளை இவ்வகைப் பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோர், பணம் செலுத்துமுன் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிய வேண்டும். நிறுவனம் மூன்றாம்நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டுள்ளதா? குறித்த பாடநெறிக்கு என்.வி.கியூ. மட்டம் உண்டா, உண்டெனில் எது? ஒரு மாணவருக்கு ஒரு கணினி கிடைக்குமா? கற்பிப்பவர் தொழில் செய்தவரா, அவர் செய்த வேலையைக் காட்ட முடியுமா? முன்னைய மாணவர்கள் இன்று எங்கு வேலை செய்கின்றனர்? இடையில் விலகினால் கட்டணம் திரும்பக் கிடைக்குமா? இவற்றுக்கு எழுத்தில் பதில் தரத் தயங்கும் இடத்தில் பணத்தைக் கொடுக்காதிருப்பதே நலம். மாணவரும் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். இத்துறையில் வேலை கொடுப்போர் சான்றிதழைப் பார்ப்பதற்கு முன்னர், விண்ணப்பதாரர் செய்து முடித்த ஓரிரு நிமிடக் காட்சித் தொகுப்பையே கேட்கின்றனர். அத்தொகுப்பில் பிறருடைய வேலையைக் கலந்து காட்டுவோர் விரைவில் பிடிபடுவர்.

அதிகாரிகளிடம் நாம் முன்வைப்பது பெரிய கட்டடத்துக்கான கோரிக்கை அல்ல. சீனன்குடாச் சூழலில் ஏற்கெனவே உள்ள பயிற்சி நிலையமொன்றிலோ பயன்பாடற்றிருக்கும் அரச கட்டடமொன்றிலோ இருபது மாணவருடன் தொடங்கலாம். முதல் ஆறு மாதம் மின்சாரப் பாதுகாப்பு, ஒளி, ஒலி, கெமரா, ஓவியம் ஆகியவற்றின் அடிப்படை. அடுத்த ஆறு மாதம் படத்தொகுப்பும் காட்சி விளைவும், அதனோடு ஹோட்டல், ஸ்டூடியோ, ஒலிபரப்புக் கூடம் ஆகியவற்றில் நேரடிப் பயிற்சி. கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் கணினி அறிவியலும் தொடர்பாடலும் கற்பிக்கப்படுகின்றன. மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் கலைத்துறை ஆசிரியர்களைக் கொண்டுள்ளது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப பீடம் உள்ளது. இம்மூன்றின் ஆசிரியர்களும் வார இறுதிகளில் வந்து கற்பிக்க ஏற்பாடு செய்தால் ஆசிரியர் பற்றாக்குறை என்ற காரணம் எழாது. சீனன்குடாவில் இலாபம் ஈட்டும் பெரிய நிறுவனங்கள் கணினிகளையும் புலமைப்பரிசில்களையும் வழங்கினால், அது அவ்வூர் மக்களுக்கு அவை ஆற்றும் நியாயமான கடமையாக அமையும்.

பாடநெறியை முடித்த இருபது பேரும் ஒஸ்கார் மேடைக்குச் செல்லப் போவதில்லை. அவர்களுள் பத்துப் பேர் தம் ஊரிலேயே ஒலி, ஒளித் தொழிலில் நிலைபெற்று, ஐவர் கொழும்பு ஸ்டூடியோக்களில் இடம்பெற்று, இருவர் மேற்படிப்புக்குச் சென்றாலே அத்திட்டம் வெற்றி பெற்றதாகக் கொள்ளலாம். மத்திய கிழக்குக்குச் செல்ல விரும்புவோரும் கூலியாளாக அன்றி, சான்றிதழ் பெற்ற மேடைத் தொழில்நுட்பவியலாளராகச் செல்வர். அவ்வேறுபாடு அவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணத்திலும், அவர்கள் நடத்தப்படும் முறையிலும் தெரியும்.

எண்ணெய்க் குதங்களின் எதிர்காலம் பற்றி அரசாங்கங்கள் பேசி முடிவெடுக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றை எதிர்பார்த்திருக்கும் பிள்ளைக்கு அத்தனை காலம் இல்லை. அடுத்த பரீட்சைப் பெறுபேறுகள் வெளிவரும் முன்னர், மாவட்டத்தின் தொழிற்பயிற்சி அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் பள்ளிவாசல், கோயில் நிர்வாகத்தினரும் ஒரே மேசையில் அமர்ந்து, இருபது மாணவருக்கான இடத்தையும் நேரத்தையும் தீர்மானிப்பார்களாயின், சீனன்குடாவின் பெயர் குதங்களோடு மட்டும் பேசப்படும் நிலை மாறுவதற்கு அது நல்லதொரு தொடக்கமாக அமையும்.